மனநலத் துறையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு: களைத்து விழுவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

ஆலோசகர் படிப்பை முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்கள், பிராக்டிகம் மாணவர்கள், மனநல வார்டுக்கு மாற்றலாகி வந்திருக்கும் தாதியர், உதவித் தொலைபேசியில் உட்காரப் போகும் தொண்டூழியர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மலேசியாவில், பினாங்கில் ஆலோசகராக வேலை செய்கிறேன். இந்தத் துறைக்கு நல்ல மனசோடு வந்த எத்தனையோ தம்பி தங்கைகள் ஓரிரு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு காப்புறுதி விற்கவோ டியூஷன் எடுக்கவோ போய்விடுகிறார்கள். என்னம்மா ஆச்சு என்று கேட்டால் "முடியலக்கா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை, மனசு பலவீனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். இந்த வேலையை எப்படி அமைத்துக்கொள்வது என்று ஆரம்பத்திலேயே உட்கார வைத்துச் சொல்லித் தர ஆள் இல்லாமல் போய்விட்டது.

பர்ன்அவுட் என்று இப்போது எல்லாரும் சொல்கிறோமே, அதைப் பற்றி 1974-இல் எழுதிப் பரவலாகப் பேச வைத்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் தன்னோடு வேலை செய்த தொண்டூழியர்களைப் பார்த்துத்தான் எழுதினார், அதாவது நம்மைப் போன்றவர்களைப் பார்த்து. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற உலக நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதை நோய் என்று சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை நெருக்கடியால் வரும் நிலை என்று சொல்லி மூன்று அடையாளங்களைக் கொடுத்திருக்கிறது: உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, நாம் செய்வதில் பலனே இல்லை என்று தோன்றுவது. காரணம் வேலை செய்யும் இடத்தில் இருக்கும்போது மருந்தை மட்டும் உங்கள் வீட்டில் தேடிக்கொண்டிருந்தால் எப்படிக் குணமாகும்? சோர்ந்துபோன ஊழியர்களுக்கு அரை நாள் யோகா பயிற்சி கொடுத்துவிட்டு மறுநாள் அதே எண்ணிக்கையில் கேஸ்களைக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதில் நமக்கென்று கூடுதலாக ஒரு சுமை உண்டு. பல இடங்களில் தமிழ் பேசத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கீழே நான் சொல்வதில் பாதி அதைச் சுற்றித்தான்.

முதலில்: சேரும்போதே கேட்டு வைக்க வேண்டியவை

நேர்முகத் தேர்விலோ முதல் வாரத்திலோ கேட்டுவிடுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அது புகாராகத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டும், குறிப்பு எழுதும் நேரம் வேலை நேரத்துக்குள் வருமா, எனக்கு சூப்பர்வைசர் (கேஸ்களைப் பற்றி உட்கார்ந்து பேசி வழிகாட்டுகிறவர்) யார், மாதத்துக்கு எத்தனை தடவை அவரோடு உட்காரலாம், ஆபத்தான கேஸ் வந்தால் யாரைக் கூப்பிடுவது, அந்த ஆள் லீவில் இருந்தால் அடுத்தது யார். பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று: வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபின் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த உச்சவரம்பு 45 ஆகிவிட்டது. அரசாங்க ஊழியர்களுக்கு விதிமுறைகள் வேறு, தொண்டூழியர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தனியார் மையத்திலோ அரசு சாரா அமைப்பிலோ இருப்பவர்கள் இந்த எண்ணை மனசில் வைத்திருங்கள்.

அப்புறம் பலருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி: "தமிழ் பேசுற ஆலோசகர் வேற யாரும் இருக்காங்களா? இல்லன்னா வர்ற தமிழ் கேஸ் எல்லாமே எனக்குத்தானா?" மற்ற கேஸ்கள் ஆளாளுக்குப் பிரிந்து போகும், தமிழ் கேஸ் மட்டும் உங்கள் மேசைக்கே வரும். அதோடு வேறொருவர் கேஸில் மொழிபெயர்க்க "அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். அந்த ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரமாகும் என்பது ஒரு பக்கம். வீட்டில் அடிபட்டு வந்த ஒரு பெண்ணுக்காக மொழிபெயர்க்கும்போது அவர் சொல்வதை நீங்கள் "நான்", "என்னை" என்றுதான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். "என் தலைமுடியைப் பிடிச்சு சுவத்துல மோதினார்" என்று அவர் சொன்னதை மலாய் மொழியில் உங்கள் வாயால், உங்கள் குரலில் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை ஆறுதல்படுத்தும் பொறுப்பும் உங்களிடம் இல்லாமல், எழுந்து வந்து அடுத்த கிளையண்டைக் கூப்பிட வேண்டும். கேட்டதை எங்கேயும் இறக்கி வைக்க முடியாது. செஷன் நடத்துவதைவிட இது சில நாள் அதிகமாக வாட்டும், ஆனால் எந்தக் கணக்கிலும் வராது.

அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கக் கூப்பிட்ட தேதி, எவ்வளவு நேரம், எந்தப் பிரிவு, இவ்வளவு போதும், பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் மேலாளரிடம் காட்டி, இதையும் செஷன் எண்ணிக்கையில் சேருங்கள் என்று கேளுங்கள். சும்மா "வேலை ஜாஸ்தி" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், தேதி போட்ட பக்கத்தைக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழர் என்றாலே தமிழ் ஆலோசகர்தான் வேண்டும் என்று நீங்களும் நினைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்திலிருந்து வந்த பாட்டிக்குத் தமிழில்தான் அழ முடியும், அவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ தாராளமாகப் பேசும் கல்லூரிப் பையன் நம் ஆள் அல்லாத ஒருவரிடம் பேசுவதையே விரும்பலாம், விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு இருக்கும். அவனைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து: கைப்பேசி

சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். மையம் நம்பர் கொடுக்கவில்லை என்றால் ஒரு பிரிபெய்ட் சிம் வாங்கி, புலனத்தின் (வாட்ஸ்அப்) வணிகக் கணக்கில் போட்டு, வேலை முடிந்ததும் தானாகப் போகும் செய்தி ஒன்றை எழுதி வையுங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். என் வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரை. உங்கள் செய்தியை அடுத்த வேலை நாளில் பார்த்துப் பதில் தருகிறேன். இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே 15999. உயிருக்கு ஆபத்து என்றால் 999."

சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். எடுப்பவர் தமிழ் பேசுவாரா என்பது அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, இதைக் கிளையண்டிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு தடவை முயன்றுவிட்டு அப்புறம் கூப்பிடவே மாட்டார்கள்.

நம்பரைப் பிரித்து வைத்தால் மட்டும் ராத்திரி தூக்கம் வந்துவிடாது. உங்களைப் படுக்கையில் புரள வைப்பது அந்த ஒரு கிளையண்ட், போன வாரம் "இருந்து என்ன ஆகப் போவுது" என்று சொன்னவர். அவருக்கான பாதுகாப்புத் திட்டத்தை செஷன் முடிவதற்குள் அவரோடு சேர்ந்து காகிதத்தில் எழுதி முடிக்க வேண்டும்: எந்த அறிகுறி வந்தால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம், தனியாக என்ன செய்தால் கொஞ்சம் தணியும், யாரைக் கூப்பிடலாம் (பேரும் நம்பரும் வேண்டும், 'குடும்பத்தினர்' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை), வீட்டில் மாத்திரைகளை யார் கையில் கொடுத்து வைப்பது. ஒரு பிரதி அவரிடம், ஒன்று ஃபைலில். அப்புறம் சூப்பர்வைசரிடம் அன்றைக்கே ஒரு வார்த்தை. இவ்வளவும் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் அந்தப் பொறுப்பை உங்களோடு இன்னும் நாலு பேர் பகிர்ந்திருப்பார்கள்.

தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் போலீஸ் வரும், பேர் கெட்டுவிடும் என்ற பயம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. அதனால்தான் "உங்ககிட்ட மட்டும்தாம்மா சொல்றேன்" என்று வருவார்கள். சட்டம் மாறிவிட்டதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், ரகசியத்தைச் சுமக்கும் ஒரே ஆளாக நீங்கள் இருக்க வேண்டிய அவசியம் அதோடு கொஞ்சம் குறையும்.

உறவுமுறை வைத்துக் கூப்பிடும்போது

நம் ஆட்கள் இரண்டாவது செஷனிலேயே "அக்கா" என்பார்கள், வயதானவர்கள் "மகளே" என்பார்கள். கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த வார்த்தையில் வரும் நம்பிக்கை பெரிசு. ஆனால் அக்கா என்றால் ராத்திரியும் எழுப்பலாம், கல்யாணத்துக்கு வந்தாக வேண்டும், ஐம்பது வெள்ளி கைமாற்றும் கேட்கலாம். அவர்கள் மேல் தப்பில்லை, எல்லையைச் சொல்ல வேண்டியது நம் வேலை. முதல் செஷனிலேயே சொல்லிவிடுங்கள்: "அக்கான்னே கூப்பிடுங்க, பரவாயில்ல. ஆனா நாம பேசுறது இந்த அறையில, இந்த நேரத்துல மட்டும்தான். வெளியில பார்த்தா நான் முதல்ல பேச மாட்டேன், உங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான். நீங்களா வந்து பேசினா நானும் பேசுவேன்."

இது பினாங்கில் ரொம்பத் தேவை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனால் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர் உங்கள் கிளையண்டாக இருப்பார், பக்கத்தில் அவர் மாமியார் நிற்பார். முன்பே பேசி வைத்திருந்தால் இரண்டு பேரும் நிம்மதியாக மோர் குடித்துவிட்டு நகரலாம்.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். "நீ படிச்சதே இதுக்குத்தானே, எங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசும்மா" என்று சித்தி கேட்டால் மறுக்க மனசு வராது. "சித்தி, சொந்தத்துக்குள்ள நான் பார்க்கக் கூடாது, பார்த்தா அவனுக்குத்தான் நல்லதில்ல. நல்ல ஆள் ஒருத்தர் இருக்காங்க, நம்பர் அனுப்புறேன், முதல் தடவை வேணும்னா நான் கூட வந்து வெளியில உட்கார்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். உதவியாகவும் இருக்கும், கேஸ் உங்கள் தலையிலும் விழாது. யார் யார் உன்னிடம் வருகிறார்கள் என்று துருவுகிறவர்களிடம் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிந்துகொண்டவர்களுக்கு ரகசியம் காப்பது கடமை, அதையும் நேராகச் சொல்லலாம்.

செஷனுக்கு நடுவிலும் வீடு திரும்பும்போதும்

ஒரு செஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிஷமாவது விடுங்கள். குறிப்பை அப்போதே எழுதிவிடுங்கள், நாலு வரி போதும். மாலையில் ஐந்து பேருடைய கதையையும் மறுபடி நினைவுக்குக் கொண்டுவந்து எழுதினால் அதே நாளை இரண்டு தடவை வாழ்ந்த மாதிரி ஆகிவிடும். எழுதி முடித்ததும் எழுந்து முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

வீட்டுக்குப் போகும் வழியை வேலைக்குக் கொடுக்காதீர்கள். நான் பட்டர்வொர்த் பக்கம் ஃபெரியில் போகும்போது ஜார்ஜ்டவுன் பக்கமே வேலைக் கைப்பேசியை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிடுவேன். மேல்தட்டில் காற்று படும் இடமாகப் பார்த்து நின்று, கடல் தண்ணீர் நிறம் மாறுவதையும் எதிரே வரும் சரக்குக் கப்பலையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு வந்தவர்களில் யார் முகமாவது மனசில் நின்றால் "நாளைக்குக் காலையில் உன்னைப் பற்றி யோசிக்கிறேன்" என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன், முருகா இவங்களைப் பார்த்துக்கோ என்றும் சொல்வேன். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு எல்ஆர்டி இருக்கிறது, பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வந்து ஒரு தே தாரேக் குடித்துவிட்டுப் போகலாம். எதுவாக இருந்தாலும் தினமும் அதே செயலாக இருக்கட்டும், உடம்பு பழகிக்கொள்ளும். மோட்டாரில் பாலம் ஏறிப் போகிறவர்கள் கவனம், மனசு செஷனில் இருக்கும்போது வண்டியை எடுக்காதீர்கள், கீழே கொஞ்சம் நடந்துவிட்டுக் கிளம்புங்கள்.

தூக்கம், சாப்பாடு, நடைப்பயிற்சி பற்றி உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: பசியாறாமல் காலை செஷனுக்குப் போகாதீர்கள், ஷிப்ட் வேலை செய்யும் தாதியர் இரவு வேலை முடிந்த கையோடு வீட்டு விசேஷத்துக்கு ஓடாதீர்கள்.

உங்களுக்கு வந்திருப்பது எது என்று பிரித்துப் பாருங்கள்

"டயர்டா இருக்கு" என்ற ஒரே வார்த்தைக்குள் வெவ்வேறு விஷயங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

கிளையண்ட் வரவில்லை என்று தகவல் வந்தால் நிம்மதியாக இருக்கிறதா, எல்லார் ஃபைலிலும் ஒரே வாக்கியத்தை எழுதுகிறீர்களா, அழுகிறவரைப் பார்த்தால் "மறுபடியுமா" என்று எரிச்சல் வருகிறதா? அது பர்ன்அவுட் பக்கம் சாய்கிறது. வேலையின் அளவும் அமைப்பும் மாறாமல் அது போகாது. இரண்டு நாள் கேமரன் மலைக்குப் போய் வந்தால் திங்கள்கிழமை மத்தியானமே திரும்பி வந்துவிடும்.

வேலை அளவாகத்தான் இருக்கிறது, ஆனால் உலகமே வேறு மாதிரி தெரிகிறது என்றால் அது வேறு. சிறு பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளைத் தொடர்ந்து கேட்டவர், தன் மகளை மாமா வீட்டுக்குக்கூட அனுப்ப மாட்டேன் என்பார். தூங்கும்போது கிளையண்ட் சொன்ன காட்சி, தான் பார்த்த மாதிரியே வரும். மெக்கான், பெர்ல்மன் என்ற இருவர் 1990-இல் இதை விளக்கி எழுதினார்கள்: அடுத்தவருடைய அதிர்ச்சியைக் கேட்டுக் கேட்டு, கேட்பவருடைய நம்பிக்கை, பாதுகாப்பு உணர்வு எல்லாம் மாறிப்போவது. இதற்கு லீவு மட்டும் போதாது. சூப்பர்வைசரிடம் அந்தக் காட்சியைப் பற்றிப் பேச வேண்டும், ஒரே வகை கேஸ்கள் அடுத்தடுத்து வராமல் கலந்து தரச் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் உங்களுக்கே ஓர் ஆலோசகர் வேண்டும்.

மூன்றாவது, மனச்சோர்வு நோய். லீவிலும் சந்தோஷம் இல்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது, இரண்டு வாரமாக இப்படித்தான் இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். இதை வேலைக் களைப்பு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தோன்றினால் வேறு வட்டாரத்து கிளினிக்குக்குப் போங்கள், போவதுதான் முக்கியம்.

சூப்பர்வைசரிடம் என்ன கொண்டுபோவது

புதியவர்கள் கேஸ் விவரத்தை மட்டும் ஒப்பித்துவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த தடவை இரண்டாவதாக ஒரு விஷயத்தையும் கொண்டுபோங்கள்: அந்த கேஸ் உங்களை என்ன செய்தது. "அவர் பேசும்போது எனக்கு எங்க அப்பா குடிச்சிட்டு வந்தது ஞாபகம் வருது, அதனால அவரைக் கேள்வி கேட்கவே பயமா இருக்கு" என்று சொல்ல முடிந்தால் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது. சம்பள உயர்வைத் தீர்மானிக்கிறவரே சூப்பர்வைசராகவும் இருந்தால் இதைச் சொல்ல வாய் வராது, நியாயம்தான். அப்படியானால் வெளியில் ஒருவரைத் தேடுங்கள், இல்லை உங்களோடு படித்த மூன்று நாலு பேர் சேர்ந்து மாதம் ஒரு முறை நேரில் உட்காருங்கள். பெயர், ஊர், அடையாளம் எதுவும் வெளியே வராமல் பேசப் பழகுங்கள். மாமாக் கடையில் வேண்டாம், பக்கத்து மேசையில் யார் இருக்கிறார் என்று தெரியாது. புலனக் குழுவில் கேஸ் பேசவே கூடாது.

ஒரு கிளையண்ட் இறந்துவிட்டால்

இதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் இந்தத் துறையில் இருந்தால் ஒருநாள் நடக்கலாம். செய்தி வந்ததும் முதலில் சூப்பர்வைசருக்குப் போன் போடுங்கள். அன்றைய மற்ற செஷன்களை வேறொருவர் பார்க்கட்டும். ஃபைலில் உள்ளதைத் திருத்தாதீர்கள், எதுவும் சேர்க்க வேண்டியிருந்தால் அன்றைய தேதி போட்டுத் தனியாக எழுதுங்கள். வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள்.

மறுநாளே எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததை அணு அணுவாகச் சொல்ல வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படி ஒரே தடவை கட்டாயமாகப் பேச வைப்பது பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் அதைப் பரிந்துரைக்கவில்லை. பேச வேண்டாம் என்று தோன்றினால் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பேச வேண்டும் என்று தோன்றும்போது, அது மூன்று வாரம் கழித்தாக இருந்தாலும், கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டுக்குப் போகலாமா, கருமாதிக்குப் போகலாமா என்ற கேள்வி நம்மில் கட்டாயம் வரும். குடும்பத்துக்கு உங்களை யார் என்று தெரியுமா, நீங்கள் போனால் அவர் ஆலோசனைக்கு வந்தது வெளியில் தெரியுமா என்று பார்த்து, சூப்பர்வைசரோடு பேசி முடிவெடுங்கள். போக முடியாவிட்டால் வீட்டில் ஒரு விளக்கேற்றி வையுங்கள், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே களைத்துப் போயிருந்தால்

இதைப் படிக்கும்போதே அந்த நிலையில் இருக்கிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்க்காதீர்கள். டாக்டரைப் பார்த்து எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) தேவையா என்று கேளுங்கள். தலைவலி என்று பொய் சொல்லாமல் தூக்கம் போன கதையைச் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பும் முன் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அதில் உணர்ச்சியை விளக்க வேண்டாம், மூன்று விஷயம் போதும்: இப்போது வாரத்துக்கு எத்தனை செஷனும் மொழிபெயர்ப்பும் பார்க்கிறீர்கள், அடுத்த இரண்டு மாதத்துக்கு எவ்வளவு பார்க்க முடியும், மிச்சத்தை யாருக்கு மாற்றலாம் என்பதற்கு உங்கள் யோசனை. நோட்டு வைத்திருந்தீர்கள் என்றால் இதை எழுத அரை மணி நேரம்கூட ஆகாது.

பதில் சாதகமாக வரவில்லை என்றால் வேறு இடம் தேடுவதில் தப்பில்லை. பள்ளி, பல்கலைக்கழகம், மருத்துவமனை, தனியார் மையம் என்று வேலை செய்யும் சூழல் ஒவ்வோர் இடத்திலும் மாறும், ஓரிடத்தில் முடியாமல் போனவர் இன்னோர் இடத்தில் நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் உங்கள் கிளையண்ட் ஒவ்வொருவருக்கும் கடைசி செஷன் ஒன்றை ஒதுக்கி, அடுத்து யார் பார்ப்பார் என்று நேரில் சொல்லி, முடிந்தால் அந்தப் புது ஆளையும் அறைக்குள் அழைத்து வந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள். பழைய நம்பருக்கு வரும் செய்திகளுக்கு எந்தத் தேதி வரை பதில் வரும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.